“குருவிங்க கத்திக்கிட்டுதான் இருக்கு, தாத்தா!”

ஓசூரிலிருந்து பாரூருக்குக் காரில் போக இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். நாங்கள் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறோம். பாரூரில் இருக்கும் என் அத்தை கோழிக் குழம்பை மூன்றாவது தடவையாகச் சூடு பண்ணிவிட்டு வாசலுக்கு வந்து, “நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருப்பீங்க” என்பார்.

வழியில் டிராஃபிக்கா, டயர் பஞ்சரா என்று கேட்பதையெல்லாம் அவர் விட்டுவிட்டார். “இன்னைக்கு எத்தனை?” என்று மட்டும்தான் கேட்பார். என் மகன் நோட்டைப் பார்த்து, “முப்பத்தெட்டு!” என்பான். வழியில் பார்த்த பறவைகளின் கணக்கு அது.

எங்கள் வீட்டில் யாரும் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் இல்லை. நான் ஓசூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு ஷிஃப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலே அதிசயம். ஆகவே கார் ஓட்டுவது நான். முன் சீட்டில் அப்பா, பின்னால் அம்மாவும் மகனும். இப்படி ஆரம்பித்த பயணம்தான் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தது. அதில் ஒன்று, நான் தெரிந்துகொண்டே மறைத்த விஷயம்.

டி.வி. சத்தம்

அப்பா காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1986-ல் ஓசூருக்கு வந்தார். சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த காலம். மூக்கண்டப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. இரும்புத் தகட்டை அழுத்தி வண்டி பாகங்கள் செய்கிற இடம். முப்பத்தைந்து வருடம் அங்கேதான் இருந்தார். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது.

டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்டது. முதலில் எதற்கெடுத்தாலும் “ஆங்?” என்று கேட்டார். கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டார். யார் என்ன சொன்னாலும் சிரித்தபடி தலையாட்டினார். “ரிட்டயர் ஆனதும் மனுஷனுக்குத் திமிர் ஏறிடுச்சு, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை” என்று அம்மா புலம்பினார்.

காது மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஆடியோகிராம் எடுத்தார்கள். மருத்துவர் அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், 3,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் கிணற்றுக்குள் விழுவது மாதிரி சரிந்தது. “தாழ்ந்த சத்தம் கேட்கும். மேல் ஸ்தாயி போயிடுச்சு. ரொம்ப வருஷம் இரைச்சலில் வேலை பார்த்தவங்களுக்கு இப்படித்தான் ஆகும். உள்காதில் இருக்கிற மெல்லிய செல்கள் ஒரு தடவை செத்தால் திரும்ப முளைக்காது” என்றார்.

அவர் இதை எனக்குத்தான் சொன்னார். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “என்ன சொன்னாரு பாப்பா?” என்றார். ஆஸ்பத்திரி வராண்டாவில் நூறு பேர் நடுவே கத்திச் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. “கொஞ்சம் கேட்காதாம்பா. மெஷின் வெச்சா சரியாயிடும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

என் ஒரு மாதச் சம்பளம் மெஷினுக்குப் போனது. நான்கு நாள் மாட்டினார். “தட்டு விழற சத்தம் காதுக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி இருக்கு” என்று கழற்றி டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம்.

கெலவரப்பள்ளி அணை

அடுத்த வருடம் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். என் மகனின் வகுப்பு ஆசிரியை பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார். 2015-லிருந்து தமிழ்நாட்டில் வருடாவருடம் பொங்கலை ஒட்டி நடப்பது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் கேட்ட பறவைகளையும் எழுதி, ஈபேர்ட் என்ற தளத்தில் ஏற்றிவிட வேண்டும். “பதினஞ்சு நிமிஷம்தானேம்மா” என்று அவன் கெஞ்சியதால், ஓசூரைத் தாண்டியதும் கெலவரப்பள்ளி அணைக்கு வண்டியைத் திருப்பினேன்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்த அணை என்றால் நுரைதான் ஞாபகம் வரும். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. தமிழ்நாட்டுக்குள் வருவதற்குள் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் அதோடு சேர்ந்துவிடுகிறது. ஷட்டரைத் திறந்துவிடும் நாட்களில் ஆற்றின் மேல் வெள்ளை வெள்ளையாக நுரை குவிந்து, காற்றில் பிய்ந்து சாலை வரை பறக்கும். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்திக்கொள்வோம்.

அன்றைக்கு நுரை குறைவு. தண்ணீர் ஓரமாகச் சிவப்புக் குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் நடந்துகொண்டிருந்தன. மகன் செல்போனில் படம் தேடிக்கொண்டிருந்தான். முன் சீட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“அது நாமக்கோழி. நெத்தியில வெள்ளையா நாமம் இருக்கு பாரு. அதோ, தண்ணிக்குள்ள முழுகி முழுகி எந்திரிக்குதே, அது முக்குளிப்பான். கரையில மண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கறது குருட்டுக்கொக்கு. பறந்தாத்தான் வெள்ளை தெரியும்.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். என் அப்பாவுக்குக் காக்கா, குருவி தாண்டி ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?” என்று கத்தினேன்.

“நைட் ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வருவேன்ல, ராமநாயக்கன் ஏரிப் பக்கமா சுத்திக்கிட்டு வருவேன். பத்து நிமிஷம் நின்னுட்டுதான் வீட்டுக்கு வருவேன். ராத்திரி பூரா மெஷின் சத்தம். அங்க வந்து நின்னாத்தான் மண்டைக்குள்ள அடங்கும்.”

நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அப்பா வீட்டுக்குள் வருவார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். ஏரியில் என்ன பார்த்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அப்போது தண்ணீரை ஒட்டி நீலமாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனது ஒரு சின்ன மீன்கொத்தி. போகிற போக்கில் ஊசி மாதிரி ஒரு ‘கீச்’. அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா கண்ணாலேயே அதைத் துரத்திவிட்டுச் சொன்னார்: “பாவம். முன்னெல்லாம் பறக்கும்போது ஒரு கீச் விடும். இப்ப எதுவுமே கத்தறதில்லை. இந்த நுரைத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு எல்லாத்துக்கும் தொண்டை போயிடுச்சு. காக்காவும் மயிலும்தான் இன்னும் கத்துது.”

காரில் யாரும் பேசவில்லை. நான் வண்டியைக் கிளப்பினேன்.

தொரப்பள்ளி ஆற்றோரம்

தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. ராஜாஜி 1878-ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஊரைச் சுற்றி இன்னும் வயலும் ஆற்றோரப் புதரும் மிச்சம் இருக்கின்றன. ஒரு வேலி ஓரமாக நிறுத்தினேன். பூத்திருந்த செடியில் தேன்சிட்டுகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. புதருக்குள் ஒரு தையல்சிட்டு, உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

மகனின் கையில் மெர்லின் என்ற செயலி திறந்திருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் இலவசமாகத் தருவது. பறவை கத்தும்போது செல்போனை நீட்டினால், சத்தத்தைக் கேட்டு எந்தப் பறவை என்று பெயர் சொல்லும். சத்தத்தைப் படமாகவும் காட்டும். தாழ்ந்த சத்தம் என்றால் திரையின் கீழே கறுப்பாகக் கோடு விழும், கீச்சுக்குரல் என்றால் மேலே விழும்.

அவன் ஜன்னல் வழியாகப் போனைத் தாத்தாவிடம் நீட்டினான். “பாருங்க தாத்தா, இது தையல்சிட்டு. இது ஊதாத் தேன்சிட்டு.”

அப்பா திரையைப் பார்த்தார். மேல் பாதியில் கறுப்புக் கோடுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. வேலியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“இது என்னடா கோடு?”

“குருவி கத்தறது தாத்தா.”

“எங்க கத்துது?”

“இப்ப கத்துதே! குருவிங்க கத்திக்கிட்டுதான் இருக்கு, தாத்தா!”

அவன் குழந்தை. அவனுக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நிஜமாவா பாப்பா?” என்று உதடு மட்டும் அசைந்த மாதிரி இருந்தது. நான் தலையாட்டினேன்.

அவர் காரின் கதவைத் திறந்து இறங்கினார். வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தேன்சிட்டு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்பா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, அப்படியே நின்றார். எனக்கு அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நிற்கக் கூடாத சானமாவு

தேசிய நெடுஞ்சாலை 44-ல் பேரண்டப்பள்ளியைத் தாண்டியதும் சானமாவு காடு வரும். இங்கே நாங்கள் நிற்பதில்லை. நீங்களும் நிற்காதீர்கள். ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டம் இங்கே வந்து தங்கும். நெடுஞ்சாலையைக் கடக்கும். ஆறு வழிச் சாலையில் லாரிகள் பறக்க, வனத்துறைக்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தி யானைகளுக்கு வழிவிடும் காட்சியை ஓசூர்க்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

அந்தக் காட்டைத் தாண்டும் வரை அப்பா பேசவில்லை. தாண்டிய பிறகு நேராகப் பார்த்தபடியே கேட்டார்: “எவ்வளவு நாளா கத்திக்கிட்டிருக்குது?”

“எப்பவுமேதான்பா.”

“டாக்டர் இதைத்தான் சொன்னாரா?”

“ஆமாம்பா. நான்தான் முழுசா சொல்லலை.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பின்னாலிருந்து அம்மா அவர் தோளில் கையை வைத்தார். “நான்கூட உங்களுக்குத் திமிருன்னு நினைச்சேன்” என்றார். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சூளகிரி டீக்கடை

சூளகிரியில் பாறைக் குன்று தெரியும் ஒரு சர்வீஸ் ரோட்டு டீக்கடையில் நின்றோம். எதிரே மின்கம்பியில் பழுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. பார்க்கச் சாதாரணம். பறந்ததும் இறக்கை முழுக்க நீலம் பளீரென்று விரிந்தது.

“பனங்காடை” என்றார் அப்பா.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தெலுங்குக்காரர். “பாலபிட்ட சார். தசராவுல பார்த்தா அதிர்ஷ்டம்” என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கர்நாடக லாரி ஓட்டுநர், “நம்ம ஊர்ல நீலகண்ட” என்றார். ஓசூர்ப் பக்கத்தில் இது சகஜம். ஒரு டீக்கடையில் மூன்று மொழி ஓடும். கர்நாடகத்துக்கும் தெலங்கானாவுக்கும் இதுதான் மாநிலப் பறவை. நமக்கு மரகதப்புறா. எல்லைக் கோட்டில் உட்கார்ந்திருந்த பனங்காடைக்கு மூன்று பெயர் இருப்பது அதற்குத் தெரியாது. அது வெட்டுக்கிளியைக் குறிவைத்துக்கொண்டிருந்தது.

டீ குடித்தபடி, “காதுக்கு அடைப்பு எதுவும் குடுக்கலையாப்பா?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

“குடுத்தாங்க. போடலை. சத்தத்தை வெச்சுதான் டை சரியா உட்காருதான்னு தெரியும். காதை அடைச்சிக்கிட்டு எப்படி வேலை பார்க்கறது? போடுன்னு யாரும் வற்புறுத்தலை. போட்டவனைப் பார்த்து நாங்களே சிரிப்போம்.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த பிரஸ்தான் நம்ம வீட்டைக் கட்டுச்சு. உன்னைப் படிக்க வெச்சுது. அதையும் சொல்லணும்ல” என்றார்.

நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் இருந்தால் காது மெல்ல மெல்லப் போகும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். அப்பா வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழிலால் வரும் நோய்களின் பட்டியல் இருந்தது. அதில் இரைச்சலால் வரும் காது கேளாமையும் ஒன்று. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்கும் அவர் ரிட்டயர் ஆன பிறகுதான் தெரியும். வலி இல்லை, ரத்தம் இல்லை என்பதால் இந்த நோயை யாரும் நோயாக நினைப்பதில்லை. மேல் ஸ்தாயி முதலில் போகும். குருவி, அழைப்பு மணி, பேரப்பிள்ளையின் குரல் என்று ஒவ்வொன்றாகப் போகும். காக்கா, மயில், லாரி ஹாரன் எல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பதால், காது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆளே நம்பிவிடுவார். அப்பா அப்படித்தான் குருவிகளுக்குத் தொண்டை போய்விட்டது என்று நம்பியிருந்தார்.

கே.ஆர்.பி. அணை

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி நெரிசலைத் தாண்டி கே.ஆர்.பி. அணைக்கு வந்தோம். அதே தென்பெண்ணைதான். காமராஜர் முதல்வராக இருந்தபோது 1957-ல் திறந்துவைத்த 52 அடி அணை. அம்மா மீன் வறுவல் வாங்கப் போனார். அணைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வருகிறார்கள்.

அன்றைக்குப் பலமான காற்று. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நீர்ப்பரப்பின் ஓரத்தில் சங்குவளை நாரைகள் ஏழெட்டு நின்றன. மஞ்சள் அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி இரண்டு கூழைக்கடாக்கள் படகு மாதிரி மிதந்தன.

மகன் செல்போனில் படித்துவிட்டு, தாத்தாவின் காதருகே போய்ச் சொன்னான்: “தாத்தா, இந்த நாரை கத்தவே கத்தாதாம். கூட்டுல இருக்கறப்போ அலகைத் தட்டித் தட்டித்தான் சத்தம் போடுமாம்.”

அப்பா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். “அப்ப இது நம்ம ஆளு” என்றார். தொரப்பள்ளியை விட்டுக் கிளம்பிய பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். மீன் வறுவலில் ஒரு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அங்கே எனக்கு ஒன்று தோன்றியது. அவர் கண் எங்களுடையதைவிடக் கூர்மை. மரத்தோடு மரமாக உட்கார்ந்திருந்த வல்லூறை அவர்தான் காட்டினார். பாறை மேல் அசையாமல் இருந்த ஆட்காட்டியையும் அவர்தான் காட்டினார். முப்பத்தைந்து வருடம் மில்லிமீட்டர் பிசகாமல் தகடு பார்த்த கண். நாங்கள் கத்திக் கத்திப் பேசி, அவர் பதில் சொல்லாமல் போய், கடைசியில் யாருமே அவரோடு பேசாமல் விட்டிருந்த வீட்டில், இந்தக் கண்ணுக்கு வேலையே இல்லாமல் இருந்திருக்கிறது.

நீங்களும் போவதென்றால்

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை இதே வழிதான். கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சர்வீஸ் ரோடு அல்லது ஊர்ச் சாலைதான் பாதுகாப்பு. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால்தான் பறவையின் நிறம் தெரியும். என்ஜினை அணைத்துவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள். மனிதன் இறங்கினால் பறக்கும் பறவை, காரைக் கண்டுகொள்வதில்லை. முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. 8x42 என்று போட்ட பைனாகுலர் ஒன்று வீட்டுக்கே போதும். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை அழைக்காதீர்கள். வேறு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று பதறிப்போகும். ஓசூர் மத்திகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவக் குதிரைகள் வளர்த்த பெரிய மேய்ச்சல் நிலம் இப்போது அரசு கால்நடைப் பண்ணை. அனுமதி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். வெளியே சாலையிலிருந்தே வானம்பாடியும் பனங்காடையும் பார்க்கலாம்.

பறவை இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கழிவுநீரில் நெளியும் புழுவையும் தின்று வாழும் பறவைகள் உண்டு.

பாரூர் ஏரி

அந்தப் பொங்கல் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா பீரோவைத் திறந்து மெஷின் டப்பாவை எடுத்தார். “இதுல குருவி கேட்குமா?” என்றார்.

இந்தத் தடவை நான் குறுக்கு வழி போகவில்லை. காது பரிசோதகரிடம் அழைத்துப்போய் அவர் சொல்வதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். மெஷினை ஒரேயடியாக முழுச் சத்தத்தில் வைக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், மூளைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அமைதியான இடத்தில் மாட்டிப் பழக வேண்டும் என்றார். போனது போனதுதான், மிச்சம் இருப்பதைத்தான் பெரிதாக்க முடியும் என்பதையும் எழுதிக் காட்டினேன். அப்பா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல” என்றார். சொல்லியிருக்கலாம்.

மொட்டை மாடியில் காலையில் அரை மணி நேரம் மாட்டினார். நான்கு தடவை செட்டிங்கை மாற்றினோம். ஒரு மாதம் கழித்துப் பாரூருக்குக் கிளம்பினோம்.

பாரூர் பெரிய ஏரி அப்பா நீச்சல் பழகிய ஏரி. தென்பெண்ணைத் தண்ணீர்தான் இங்கேயும் வந்து சேர்கிறது. கெலவரப்பள்ளியில் நுரைத்த அதே ஆறு, கே.ஆர்.பி.யில் தங்கி, கால்வாய் வழியாக இங்கே வந்து தென்னந்தோப்புக்கு நடுவே சாதுவாகக் கிடக்கும். கரைமேல் அவரும் பேரனும் உட்கார்ந்தார்கள். வெண்புருவ வாலாட்டி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் ஓடியது.

அப்பா கையைத் தூக்கி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மகன் போனை எடுக்கப் போனான். “வேணாம், வை” என்றார்.

கொஞ்ச நேரம் போயிற்று.

“பழைய சத்தம் இல்லை” என்றார். “தகர டப்பாவுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுக் கத்தற மாதிரி இருக்கு.” மறுபடி கேட்டார். “ஆனா கத்துது.”

அதன் பிறகும் தேன்சிட்டு அவருக்குக் கேட்கவில்லை. மீன்கொத்தியின் ‘கீச்’ சில நாள் கேட்கிறது என்கிறார், சில நாள் இல்லை என்கிறார். வீட்டில் மெஷினை மாட்டுவது பாதி நாள்தான். “குருவி பேச்சு கேட்கறதுக்கு மாட்டறாரு, என் பேச்சுக்குக் கழட்டிடறாரு” என்று அம்மா அத்தையிடம் புகார் சொல்கிறார். ஆனால் டி.வி. சத்தம் குறைந்துவிட்டது. பேரன் பேசினால் குனிந்து அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். நாங்களும் அடுப்படியிலிருந்து கத்துவதை விட்டு, அவர் எதிரே போய் நின்று பேசப் பழகிக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வாசலில் நின்றபடி வழக்கம்போல், “இன்னைக்கு எத்தனை?” என்றார்.

மகன் நோட்டைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“பார்த்தது முப்பத்தொண்ணு. கேட்டது நாலு.”